புரை நீங்கிய கண்ணும் உள்ளிருக்கும் அழுத்தமும்

கண்புரை அறுவை செய்துகொண்டவரைப் பார்க்க வரும் உறவினர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப நல்லாத் தெரியுதா?" பார்வைக்காகத்தான் அறுவை செய்துகொள்கிறோம் என்பதால் அது இயல்பான கேள்வியே. ஆனால் அந்த அறுவை பார்வையோடு சேர்த்துக் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தையும் மாற்றிவிடுகிறது. பெரும்பாலோருக்கு அழுத்தம் குறைகிறது. சிலருக்கு முதல் நாளிலோ அடுத்து வரும் வாரங்களிலோ ஏறுகிறது. பார்வை கூடியதைக் கண் உடைய எவரும் உணர்ந்துவிடலாம். அழுத்தம் கூடியதையோ குறைந்ததையோ கருவி வைத்து அளந்தால்தான் அறிய முடியும். ஏற்கெனவே கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இந்த வேறுபாடு மிக முக்கியமானது என்பதால் இதை விரிவாக எழுத நினைத்தேன்.

என் அம்மாவுக்கு இரண்டு நோய்களும் சேர்ந்தே இருந்தன. அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாகச் சொட்டு மருந்து போட்டுவந்தவருக்குக் கண்ணின் லென்ஸை மங்கவைக்கும் புரையும் வளர்ந்து, இரவில் எதிரே வரும் விளக்குகள் சிதறித் தெரியத் தொடங்கியபோது, அறுவை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார். "லென்ஸை எடுத்துட்டா பிரஷரும் கொஞ்சம் இறங்கும்மா. ஆனா சொட்டு மருந்தை நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று அவர் கூறிய இரண்டு வாக்கியங்களில் முதலாவதை அம்மா மகிழ்ச்சியோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. புரையை எடுத்தால் அழுத்தம் ஏன் இறங்க வேண்டும், இறங்குமென்றால் மருந்தை ஏன் தொடர வேண்டும் என்ற கேள்விகளோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

கண்ணின் முன்பகுதியில், கருவிழி எனப்படும் தெளிந்த முன்படலத்துக்கும் லென்ஸுக்கும் இடையே தெளிந்த நீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து உள்ளேயே வடியும் நீர். லென்ஸைச் சுற்றிலும் அமைந்த சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டருக்குச் சற்று மேலாக இந்த நீரைச் சுரக்கிறது. அது லென்ஸுக்கும் ஐரிஸ் என்னும் நிறத் திரைக்கும் நடுவே உள்ள இடுக்கின் வழியே வந்து, கண்மணித் துளையைத் தாண்டி முன்னறைக்குள் நுழைந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடைத் திசுவின் வழியே வடிந்து, இறுதியில் இரத்தக் குழாய்களைச் சேர்கிறது. சுரப்பும் வடிப்பும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற எல்லைக்குள் நிற்கிறது. வடிப்பு தடைப்பட்டால் அழுத்தம் ஏறி, கண்ணின் பின்புறம் இருக்கும் பார்வை நரம்பின் இழைகள் நசிகின்றன. அப்படி அழிந்த இழைகளை எந்த மருந்தாலும் எந்த அறுவையாலும் திரும்பப் பெற முடியாது. புரையால் மங்கிய பார்வையை அறுவையால் மீட்கலாம், கிளாக்கோமாவால் போன பார்வையை மீட்க முடியாது என்ற ஒரு செய்தியை மட்டும் வாசிப்பவர் நினைவில் கொண்டாலும் இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.

இந்த நீரோட்டத்தின் வழியில் இருக்கும் உறுப்புகளில் லென்ஸ் மட்டும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இளமையில் 4 மி.மீ. அளவுக்குள் இருக்கும் அதன் தடிமன் முதுமையில் 5 மி.மீ.ஐ நெருங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது நமக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் முன்னறையின் மொத்த ஆழமே ஏறக்குறைய 3 மி.மீ. என்னும்போது அந்த வளர்ச்சி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது புரியும். தடித்த லென்ஸ் ஐரிஸை முன்னோக்கித் தள்ளுகிறது. ஐரிஸ் தள்ளப்பட்டால் வடிகால் இருக்கும் கோணம் குறுகுகிறது. பிறவியிலேயே சிறிய கண்ணும் குறுகிய கோணமும் உள்ளவர்களுக்கு இந்தக் குறுகல் ஒரு கட்டத்தில் அடைப்பாகவே மாறிவிடுகிறது. அறுவையின்போது இந்தத் தடித்த லென்ஸை எடுத்துவிட்டு, நடுவில் 1 மி.மீ. அளவே தடிமனுள்ள செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். ஐரிஸ் பின்வாங்கி, முன்னறை ஆழமாகி, கோணம் விரிகிறது. அம்மாவின் மருத்துவர் சொன்ன முதல் வாக்கியத்துக்கு முதன்மையான காரணம் இதுதான்.

கோணம் மூடிய வகைக் கிளாக்கோமாவில் இந்தப் பயன் எவ்வளவு பெரியது என்பதை 2016-இல் லான்செட் இதழில் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது. கோணம் மூடியதால் அழுத்தம் ஏறியிருந்த, ஆனால் புரை இல்லாத, 50 வயது நிரம்பிய 419 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தெளிவாக இருந்த லென்ஸையே எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கம்போல் லேசரால் ஐரிஸில் சிறு துளையிட்டு, தேவைக்கேற்பச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில் லென்ஸ் எடுத்தவர்களின் சராசரி அழுத்தம் 16.6 ஆகவும், லேசர் செய்தவர்களின் அழுத்தம் 17.9 ஆகவும் இருந்தது. இந்த எண்களின் வேறுபாட்டைவிட என் மனத்தில் நின்றது வேறொன்று: லென்ஸ் எடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அதன்பின் கிளாக்கோமா மருந்தே தேவைப்படவில்லை, லேசர் பிரிவில் அத்தகையோர் பத்துக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். வேளை தவறாமல் சொட்டு மருந்து போடுவது முதியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த விகிதத்தின் மதிப்பு தெரியும். கை நடுக்கத்தில் பாதிச் சொட்டு கன்னத்தில் வழியும். மருந்து தீர்ந்த செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரியும்.

கோணம் திறந்தே இருக்கும் வகையில் நிலைமை இவ்வளவு நேரடியானதன்று. அங்கே வடிகாலின் வாயில் திறந்திருக்கிறது. கோளாறு சல்லடைத் திசுவுக்குள் இருக்கிறது. ஆனாலும் லென்ஸை எடுத்தபின் அழுத்தம் ஓரளவு குறைகிறது. அழுத்தம் மிகுந்தும் நரம்பு இன்னும் பழுதுபடாமலும் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், மருந்து எதுவும் தரப்படாத பிரிவில் இருந்தவர்களுள் சிலர் இடையே புரை அறுவை செய்துகொண்டார்கள். அந்த 63 கண்களில் அறுவைக்கு முன் சராசரியாக 23.9 ஆக இருந்த அழுத்தம் அறுவைக்குப் பின் 19.8-க்கு இறங்கியது. அறுவை செய்துகொள்ளாதவர்களின் அழுத்தம் அதே காலத்தில் 23.8-இலிருந்து 23.4-க்குத்தான் இறங்கியது. உயர்ந்திருக்கும் எந்த அளவும் அடுத்த முறை பார்க்கும்போது தானாகவே சற்றுத் தாழ்ந்து தெரிவது உண்டு. அறுவை செய்துகொள்ளாதவர்களை உடன்வைத்து ஒப்பிட்டதால், இந்த இறக்கத்தில் பெரும்பங்கு அறுவையால் வந்தது என்று நம்ப இடமிருக்கிறது.

முன்பே உயர்ந்த அழுத்தம் இருந்தவர்களுக்குத்தான் இறக்கம் அதிகம். இயல்பான அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே குறைகிறது, அல்லது மாற்றமே தெரிவதில்லை. திறந்த கோணத்தில் ஏன் குறைகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: லென்ஸின் இடம் மாறியதும் அதைத் தாங்கும் நுண்ணிழைகள் சிலியரி உறுப்பைப் பின்னிழுத்துச் சல்லடையின் கண்களை விரிக்கின்றன என்பது ஒன்று, புரையை உடைக்கும் மீயொலி அதிர்வு சல்லடைத் திசுவின் அணுக்களைத் தூண்டி அடைசலைக் கரைக்கச் செய்கிறது என்பது மற்றொன்று. எனக்கு முதல் விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது, ஏனெனில் குறுகிய கோணத்தில் நாம் கண்ணால் காணும் மாற்றத்தோடு அது இயைந்து போகிறது.

ஒன்றிரண்டு மி.மீ. குறைவதால் என்ன பயன் என்று கேட்கலாம். தொடக்க நிலைக் கிளாக்கோமாவைப் பற்றிச் சுவீடனில் நடந்த ஆய்வு, அழுத்தம் 1 மி.மீ. குறையுந்தோறும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் குறைவதாகக் கண்டது. அதனால் இந்தச் சிறு இறக்கத்தை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. அதே வேளையில், நரம்பு பெரிதும் பழுதுபட்ட ஒருவருக்கு அழுத்தம் 12-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால், புரை அறுவை மட்டுமே அவரை அங்கே கொண்டுசேர்க்கும் என்று நம்பவும் கூடாது. ஏறத்தாழ ஒவ்வொரு கிளாக்கோமா நோயாளிக்கும் ஓர் இலக்கு அழுத்தம் குறிக்கப்படுகிறது. அறுவைக்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான், அறுவைக்குப் பிறகு வந்த ஒவ்வோர் அளவும் நல்ல செய்தியா இல்லையா என்பது எங்களுக்குப் புரிந்தது.

இனி அழுத்தம் ஏறுகிற பக்கத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் வீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

அறுவையின்போது முன்னறை சுருங்கிவிடாமலும் கருவிழியின் உட்புற அணுக்கள் உரசிப் பழுதாகாமலும் இருப்பதற்காகப் பசை போன்ற தெளிந்த கூழ் ஒன்றைக் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். முடிவில் அதை உறிஞ்சி எடுத்துவிடுவது வழக்கம். செயற்கை லென்ஸின் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு பகுதி எஞ்சிவிட்டால் அது சல்லடைத் திசுவை அடைத்துக்கொண்டு, அறுவைக்குப் பின் சில மணி நேரங்களில் அழுத்தத்தை 30-க்கு மேலும் ஏற்றக்கூடும். உதிர்ந்த நிறமிகளும் லென்ஸின் துணுக்குகளும் அறுவையால் வரும் அழற்சியும் இதற்குத் துணைபோகின்றன. நலமான நரம்பு உள்ள ஒருவர் இந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் உணராமலே கடந்துவிடுகிறார், ஓரிரு நாட்களில் கூழ் கரைந்து அழுத்தம் தானே இறங்கிவிடுகிறது. ஆனால் கிளாக்கோமாவால் நரம்பின் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்து, நடுப்பார்வையின் சிறு வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஓர் இரவு நீடிக்கும் இந்த ஏற்றமே எஞ்சியதையும் பறித்துவிடக்கூடும். அத்தகையோருக்கு அறுவை நாளிலேயே அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுகளையோ டயமாக்ஸ் மாத்திரையையோ கொடுப்பதும், அதே நாளில் சில மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் அழுத்தத்தைப் பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டால் விரல் நுனிகள் மரத்துக் கூசும். சல்பா மருந்து ஒவ்வாமையோ சிறுநீரகக் கல்லோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர், "இன்னைக்கு ராத்திரி கண்ணுக்குள்ள குடைச்சல், தலைவலி, வாந்தி இருந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க" என்று அழுத்தமாகச் சொன்னார். அந்த அறிவுரையின் அருமையை நான் மிகவும் மதிக்கிறேன். கண் அழுத்தம் திடீரென்று ஏறும்போது வருகிற குமட்டலையும் வாந்தியையும் பித்தம் என்றும் காலையில் சாப்பிடாமல் இருந்ததன் விளைவு என்றும் எண்ணிச் சுக்குக் காப்பி கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மருத்துவமனைக்குச் சென்றால் பக்கவாட்டில் இருக்கும் நுண்ணிய வெட்டின் வழியே சில துளி நீரை வெளியேற்றியோ மருந்து கொடுத்தோ அழுத்தத்தை விரைவில் இறக்க அவர்களால் இயலும்.

இரண்டாவது ஏற்றம் இன்னும் அமைதியானது. அறுவைக்குப் பின் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை, படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போடச் சொல்கிறார்கள். மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஸ்டீராய்டு சொட்டு சில வாரங்கள் தொடர்ந்தால் அழுத்தம் ஓரளவு ஏறுகிறது. சிறுபான்மையினருக்கு மிகவே ஏறுகிறது. கிளாக்கோமா உள்ளவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அந்நோய் இருப்பவர்களும், கிட்டப்பார்வை மிகுந்தவர்களும், சர்க்கரை நோயாளிகளும் இதில் முன்னிற்கிறார்கள். இங்கே வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வை முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது. கண் நன்றாகிவிட்டது என்று எல்லோரும் நம்பும் அந்த மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் நாள் அளவு சரியாக இருந்தது என்பதை வைத்துக்கொண்டு அடுத்த வருகையைத் தவிர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவற்றைவிட லோட்டிபிரட்னால், ஃபுளூரோமெத்தோலோன் போன்றவை அழுத்தத்தைக் குறைவாகவே ஏற்றுகின்றன என்பதால், தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தை மாற்றுவார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அழுத்தம் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்து கண்ணுக்கு இதமாக இருந்தது என்பதற்காக, அதன் காலிப் புட்டியை மருந்துக் கடையில் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் உறுத்தினால் போடு, சிவந்தால் போடு என்று அது வீட்டுக்கு வீடு கைமாறவும் செய்கிறது. புரையால் இழந்த பார்வையை அறுவையால் திரும்பப் பெற்ற ஒருவர், அந்த அறுவையின் மருந்தாலேயே மீளாத பார்வையிழப்புக்கு ஆளாவது எவ்வளவு கொடுமை!

புரை அறுவைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு பழைய முறைகளில் இன்னும் சிக்கலாக இருந்தது. லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுவதுமாக எடுத்த காலத்தில், லென்ஸுக்குப் பின்னால் இயல்பாகவே இருக்கும் கூழ்மம் முன்னே பிதுங்கிக் கண்மணித் துளையை அடைத்துவிடக்கூடும் என்பதால், ஐரிஸின் ஓரத்தில் ஒரு துளையிட்டு நீருக்கு மாற்று வழி அமைத்தார்கள். அக்காலத்தில் அறுவை செய்துகொண்ட முதியவர்களின் கண்ணில் மேல்புறம் ஒரு சிறு கறுப்பு முக்கோணம் தெரிந்ததன் காரணம் அதுவே. 1950-களின் இறுதியில், லென்ஸைத் தாங்கும் இழைகளைக் கரைக்க ஆல்ஃபா கைமோடிரிப்சின் என்னும் நொதியைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, கரைந்த இழைத்துணுக்குகளே சல்லடையில் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றின. ஐரிஸுக்கு முன்னால் பொருத்தப்பட்ட சில பழைய செயற்கை லென்ஸ்களும் உரசி உரசி அழற்சியையும் இரத்தக் கசிவையும் அழுத்தத்தையும் உண்டாக்கின. இன்று லென்ஸை அதன் சொந்த உறைக்குள்ளேயே வைப்பதால் இந்தத் தொல்லைகள் அரிதாகிவிட்டன. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் தன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மூலம் செயற்கை லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கியபின், அந்த நல்ல மாற்றம் எளிய மக்களையும் எட்டியது.

குழந்தைகளின் கதை மட்டும் தனியானது. பிறவிப் புரையை எடுத்த குழந்தைகளுக்கு, பெரியவர்களுக்கு நேர்மாறாக, ஆண்டுகள் செல்லச்செல்ல அழுத்தம் ஏறும் ஆபத்து இருக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண்ணில் அறுவை செய்யப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் கிளாக்கோமா வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்று தெரியவந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுவதும் அழுத்தச் சோதனை வேண்டும்.

அறுவையைத் தள்ளிப்போடுவதும் அழுத்தத்தை ஏற்றும் என்பதை நம் ஊர்களில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். "புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது லென்ஸை முழுதாக எடுத்த காலத்து அறிவுரை. அன்று அதற்குக் காரணம் இருந்தது, இன்று இல்லை. முற்றிய புரை நீரை உறிஞ்சி ஊதும்போது கோணத்தை அடைத்துவிடும். இன்னும் முற்றினால் அதன் புரதம் உறையின் வழியே கசிந்து, அதை விழுங்க வரும் அணுக்களோடு சேர்ந்து சல்லடையை அடைக்கும். இரண்டிலும் கண் சிவந்து, தாங்க முடியாத வலியோடு, அழுத்தம் 40-ஐயும் கடந்துவிடுவது உண்டு. அந்த நிலையிலும் முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டு லென்ஸை எடுத்தால் அழுத்தம் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடுகிறது. ஆனால் வலி தொடங்கிப் பல நாள் கழித்து வருகிறவர்களுக்கு நரம்பு முன்பே செத்திருக்கும். வீட்டில் ஒரு கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக மறு கண்ணின் முற்றிய புரையை விட்டுவைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், பேத்தியின் கல்யாணம் முடியட்டும் என்று காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள்.

தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரிடம் நடந்த அரவிந்த் கண் ஆய்வில் 2.6 சதவீதத்தினருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. சங்கர நேத்ராலயாவின் சென்னை கிளாக்கோமா ஆய்வும் இதையே கண்டது. புரை அறுவைக்கென்று முதன்முறையாகக் கண் மருத்துவரிடம் வருகிற நம் பெரியவர்களுக்கு, அந்த வருகையில் எடுக்கும் அழுத்த அளவும் கோணச் சோதனையும் பார்வை நரம்பைப் பார்ப்பதும் நோயைக் கண்டுபிடிக்கக் கிடைத்த அரிய வாய்ப்புகள் என்பது என் எண்ணம். புரை மிகத் தடித்திருந்தால் நரம்பு சரியாகத் தெரியாது. அறுவை முடிந்தபின் மறவாமல் அதை மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அழுத்தம் குறைய முன்பே வடிகால் அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் பின்னர் செய்யும் புரை அறுவையின் அழற்சியால் அந்த வடிகால் வடுவாகி அடைபட்டு, அழுத்தம் குறைவதற்கு மாறாக ஏறிவிடலாம். வெட்டு சரியாகப் பொருந்தாமல் நீர் கசிந்தால் அழுத்தம் மிகத் தாழ்ந்துபோவதும் உண்டு. அது அரிது, கண்டால் சரிசெய்யக்கூடியது. முதல் சில நாட்களில் கருவிழி வீங்கியிருக்கும் என்பதால் அப்போது எடுக்கும் அளவை மட்டும் நம்பாமல், வீக்கம் வடிந்தபின் மீண்டும் அளப்பது நல்லது. காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் வருவதும் இயல்பே. ஆகவே சீட்டில் எண்ணோடு நேரத்தையும் குறித்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு ஸ்டீராய்டு சொட்டு முழுவதுமாக நின்று சில வாரங்கள் கழித்து எடுத்த அளவைப் பார்த்த பிறகே மருத்துவர் பழைய மருந்துகளைப் பற்றிப் பேசினார். இரண்டு மருந்துகளில் ஒன்றை நிறுத்தி, இரவில் போடுவதை மட்டும் தொடரச் சொன்னார். "பிரஷர் இறங்கியிருக்கு, ஆனா நரம்பு பழைய நரம்புதானேம்மா, ஃபீல்டு டெஸ்ட் எப்பவும்போல எடுக்கணும்" என்று, பார்வைப் பரப்பை அளக்கும் சோதனையைக் குறிப்பிட்டார். அம்மா அதற்கு, "சரிங்க டாக்டர், ஒரு பாட்டில் குறைஞ்சதே பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சோதனைக்கான தேதியைத் தாமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.